தடையாணை

பதினேழாம் எலிக்கு இடது காதில் இரண்டு துளை.
கறுப்பு. வலது விலாவில் கட்டி:
நேற்று ஒன்பது மில்லிமீட்டர், இன்று பதினொன்று.
அளவுகோலின் தாடைக்குள் அது
புளியங்கொட்டைபோல வழுக்குகிறது.

காரைக்குடியில் வெளியே நாற்பத்தொரு டிகிரி,
எலி அறையில் இருபத்திரண்டு.
மின்சாரம் போனால் டீசல் கேனோடு
அடைக்கலம் ஓடுவார்.

பதினாறாம் எலியின் கட்டியை மெல்லிசாகச் சீவி
சாயமேற்றிப் பார்த்தேன்.
படை வராமல் இல்லை, வந்திருக்கிறது.
டி-செல்கள், நூற்றுக்கணக்கில்,
சுவரைத் தாண்டி நடுக்கூடம் வரை.
வந்து
நிற்கின்றன.

உமி மாற்றிக்கொண்டே அடைக்கலம் கேட்டார்:
"என்ன மேடம், சண்டை போடலையா?"
இல்லை என்றேன்.

"எங்க பங்கு வீட்டுக்கும் போலீஸ் வந்துச்சு.
சித்தப்பா மகன் பின்கட்டை இடிக்கிறான்னு
நாந்தான் கூப்பிட்டேன்.
அவன் ஒரு காகிதத்தை நீட்டினான்.
தேவகோட்டைக் கோர்ட்டுத் தடை.
ஏட்டு ரெண்டு தடவை படிச்சார்,
வேம்பு நிழல்ல நின்னார்,
தண்ணி வாங்கிக் குடிச்சார்.
இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

நான் எழுதிய நாற்பது பக்க அறிக்கையில்
இவ்வளவு தெளிவாக ஒரு வரியும் இல்லை.

கட்டி அந்நியன் அல்ல. பங்காளி.
அதே எலியின் செல், அதே ரத்த உறவு,
தன் மேற்பரப்பில் ஒரு புரதத்தை
காகிதம்போல நீட்டுகிறது.
டி-செல் தொட்டுப் படிக்கிறது,
கையைத் தொங்கப் போடுகிறது.
போதாததற்கு
வட்டாரத்துச் சர்க்கரையையெல்லாம் முன்பே தின்றுவிட்டு
புளிப்பை வெளியே கொட்டுகிறது கட்டி.
சமாதானம் பேச வந்த சில செல்கள் வேறு,
'விடப்பா, நம்ம ஆளுதான்' என்று.

வியாழக்கிழமை பதினேழின் முறை.
பெட்டிக்குள் வாயு ஏற,
கடிகாரத்தைப் பார்த்தேன், எலியைப் பார்க்கவில்லை.
கட்டியை அரிந்து, சலித்து,
அந்தச் செல்களை மட்டும் பிரித்து
புதிய திரவத்தில், முப்பத்தேழு டிகிரியில்
ஓர் இரவு விட்டேன்,
பங்காளி இல்லாத இடத்தில்.

மறுநாள் தட்டில் தூண்டிப் பார்த்தபோது
மஞ்சள்.
எல்லாக் குழியிலும் இல்லை.
மூன்றில் ஒன்றில்தான், அதுவும் வெளிறிய மஞ்சள்.
ஆனாலும் மஞ்சள்.
செத்திருக்கவில்லை அவை. சும்மா இருக்கச் சொல்லியிருந்தார்கள்,
இருந்தன.

அடைக்கலம் தட்டைக் குனிந்து பார்த்தார்.
"அந்தக் காகிதத்தைக் கிழிக்க மருந்து இருக்கா?"
இருக்கிறது. பத்தில் நாலு எலிக்குக் கேட்கும்.
"மிச்ச ஆறுக்கு?"

நான் ஊசியில் குமிழ் தட்டிக்கொண்டிருந்தேன்.
அவரும் மறுபடி கேட்கவில்லை.
செவ்வாய்க்கிழமை வாய்தாவாம், அரை நாள் லீவு
எழுதிக் கொடுத்துவிட்டு
பதினேழாம் கூண்டைக் கழுவக் கொண்டுபோனார்.

பதினெட்டு, கம்பிக்கிடையில் மூக்கை நுழைத்து
புது உமியை மோந்துகொண்டிருந்தது.