முள்ளு அன்னமுன்னா

நாவலயில் எடுத்த வீட்டின் வாடகை ஒப்பந்தத்தில்
கதவு ஒன்பது, மின்விசிறி நான்கு,
சுடுதண்ணீர்ப் பெட்டி ஒன்று, பழுது
என்று எழுதியிருந்தது.
மரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

மதிலோரம், குப்பைத்தொட்டிக்குப் பின்னால்,
யாரையும் கேட்காமல் முளைத்து
கூரையை எட்டியிருந்தது அது.
கம்பெனியிலிருந்து வந்த தண்டபாணி
டையைத் தளர்த்தியபடி அண்ணாந்து பார்த்து
"சீத்தாவாட்டம் இருக்குது.
சீத்தா இல்லை" என்றார்.

மதிலுக்கு மேல் நெற்றியும் கண்ணாடியும் மட்டுமாய்
மிஸிஸ் வீரக்கோடி
"கட்டு அனோதா" என்றார்.
வெள்ளவத்தைச் சந்தையில் நவரட்ணம்
"முள்ளு அன்னமுன்னா, பிள்ளை" என்றார்.
திருப்பூரில் அம்மா, போன் திரையை உற்றுப் பார்த்து
"பலாப்பிஞ்சுக்குக் காய்ச்சலா?" என்றாள்.
இத்தனை பெயர் விழுந்தும்
திரும்பிப் பார்க்காமல் தொங்கியது பிஞ்சு.

ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் பூவிலேயே உதிர்ந்தது.
அணிலுக்கும் வௌவாலுக்கும் பயந்து
தையல் கோணியதென்று ஏற்றுமதியில் கழித்த
டீசர்ட் ஒன்றை அதற்கு மாட்டிவிட்டார்.
தூரத்தில் இருந்து பார்த்தால்
தலையில்லாத சின்னப் பையன்
மரத்தில் ஏறி ஒளிந்த மாதிரி.

அந்தச் சந்தையில்
பப்பாளி என்று கேட்டால் ஐம்பது ரூபாய் கூடுதல்.
பப்பாசி என்று சொல்லப் பழகிய பிறகு
இருபதுதான் கூடுதல்.
ஒருமுறை கறுத்தக் கொழும்பான் வேண்டுமென்றேன்,
உள்ளூர்க்காரி தோரணையில்,
"இங்க விளையறதுதானே?"
நவரட்ணம் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.
"பேர்தான் கொழும்பான். ஆள் யாழ்ப்பாணம்.
ராத்திரி பஸ்ஸில வந்து இறங்குவார்."
பிறகு மாம்பழத்தைத் துடைத்துக்கொண்டே,
"நான் நாற்பது வருசமா இங்க.
என்னை ஒருத்தரும் கொழும்பான் எண்டு சொல்லேல்லை."
அன்று அவர் கூடுதலாக வாங்கவில்லை.

தினமும் ஏணி வைத்துப் பழத்தை அமுக்கிப் பார்த்தோம்.
மதிலுக்கு மேலிருந்து கண்ணாடி சொல்லும்:
"தாம நே."
இன்னும் இல்லை.
பத்தரமுல்லையில் வீசா நீட்டிக்கப் போனபோது
கவுண்டர் பெண்ணும் அதையே சொன்னாள்.
இந்த நாட்டில் நான் முழுதாகக் கற்ற முதல் வாக்கியம்.
மரத்தடியில் கேட்டால் ஆசை,
வரிசையில் கேட்டால் வயிற்றில் புளி.

வெசாக் முடிந்த வாரம். மழை.
கரண்ட் போய் இரண்டு மணி நேரம்.
வாசலில் கூடு கரைந்து மூங்கில் எலும்பு மட்டும் ஆடியது.
பொத்.

செருப்பைத் தேடவில்லை இரண்டு பேரும்.
டார்ச் வெளிச்சத்தில் டீசர்ட்,
உள்ளே பழம் நாலாய்ப் பிளந்து,
எங்களுக்கு முன்பே செய்தி எட்டிய எறும்புகள்.
ஊதி ஊதி, நின்றபடியே, கையால் அள்ளித் தின்றோம்.
நனைந்த பஞ்சை மெல்லுகிறேனா என்று நினைக்கும்போதே
நாக்கின் ஓரத்தில் புளிப்பு சுரீரென்றது.
பின்னாலேயே இனிப்பு,
தாமதமாக வந்த விருந்தாளி போல
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.

மதிலுக்கு மேல் இன்னொரு டார்ச்.
நைட்டியும் குடையுமாக மிஸிஸ் வீரக்கோடி.
அவரும் தூங்கவில்லை போல.
ஒன்றும் கேட்கவில்லை,
கிண்ணத்தை மட்டும் நீட்டினார்.
உப்பும் மிளகும் அதில் முன்பே இருந்தன.

மூவரும் இருட்டில் விதை துப்பினோம்.
யாருடையது எந்தப் பக்கம் விழுந்ததென்று
மழைக்குத் தெரியும்.

டீசர்ட்டை மூன்று முறை சோப்புப் போட்டேன்.
கறை போகவில்லை.
ஞாயிற்றுக்கிழமை காலை
பாட்டுப் போட்டபடி பாண் வண்டி தெருமுனை திரும்பியதும்
அதை மாட்டிக்கொண்டுதான் பின்னால் ஓடுகிறார்
தண்டபாணி,
சில்லறையை எண்ணிக்கொண்டே,
தப்பும் தவறுமான சிங்களத்தில்
நிற்கச் சொல்லி.