முட்டைப் பாக்கி

முட்டை நாற்பது டஜன்,
அரிசி ஆறு மூட்டை, கொச்சிக்கயிறு, விளக்கெண்ணெய்.
கப்பல் சாமான் வியாபாரி மீராலெப்பையின் பேரேட்டில்
இத்தனைக்கும் எதிரே ஒரே வரவு:
'கப்டன் கொடுத்த படப்புத்தகம் ஒன்று.'

அவர் பேரனின் பேரன்
அதை ரொட்டிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு
சூலியா தெரு மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்தார்.
"உள்ளே எல்லாம் கல்லு, மேடம்.
ஒரு மனுசன்தான் இருக்கான்.
அவனுக்கும் மூஞ்சி இல்ல."

கல்தான்.
எகிப்துக் கோயிலொன்றின் வெளிச்சுவர்.
உச்சிவெயிலில் அது வெறும் சுவராக இருந்திருக்கும்.
படமெடுத்தவர் காத்திருக்கிறார்.
வெயில் சாய்ந்து
உளி போன வழியெல்லாம் நிழல் வந்து உட்கார்ந்தபின்
அரசன் எழுகிறான்,
அவன் கையில் வாத்து, வாத்தின் கீழ் எழுத்து.
அப்போதுதான் மூடியைத் திறந்திருக்கிறார்.

தாளின் மேல் பூசியிருப்பது முட்டையின் வெள்ளைக்கரு.
முட்டைக் கடனுக்கு முட்டையே வந்தது
மீராலெப்பைக்குத் தெரிந்திருக்காது.
தனியாகச் சிரித்தேன்.

மூவாயிரம் வருஷம் மணலில் நின்ற அரசனின் காதில்
இந்த ஊர்ப் பூஞ்சை பூத்திருக்கிறது.
மென்தூரிகையால் ஒற்றி எடுக்கிறேன்.
ஈரம் உறிஞ்சும் எந்திரத்தின் வாளி
மாலைக்குள் நிரம்பிவிடும்:
இன்றைக்கு இரண்டு லிட்டர் பினாங்கு.

லக்சரிலிருந்து ஹெபா எழுதுகிறாள்.
கீழ்வரிசை, இடது மூலை.
நிலத்தடி உப்பு ஏறி அங்கே கல் மாவாய் உதிர்ந்துவிட்டது,
வரைந்து வைத்தவர் எவருமில்லை,
உன் படத்தில் இருக்கிறதா?

பூதக்கண்ணாடியை நகர்த்துகிறேன்.
வாத்து. எழுத்து. சுவரின் விளிம்பு.
இடது மூலையில்
ராமபாணப் பூச்சி தின்ற ஓட்டை,
ஓட்டை வழியே
என் மேசையின் பச்சை விரிப்பு.

அங்கே உப்பு. இங்கே பூச்சி.
பேசிவைத்துக்கொண்டதுபோல் அதே இடம்.

ஓட்டைக்குப் பக்கத்தில்தான் அந்த ஆள்,
சுவரின் உயரம் தெரிய நிறுத்திவைத்தவன்.
வெறுங்கால்கள் துல்லியம்,
விரல்நகம்கூட எண்ணலாம்.
அசையாதே என்று சொல்லித்தான் இருப்பார்கள்.
தலை மட்டும் புகை.

புகை எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று
அளவுகோல் வைத்துப் பார்த்தேன்.
இடப்பக்கம். கீழ்நோக்கி.

ஹெபாவுக்கு எழுதத் தொடங்குகிறேன்:
'இல்லை. ஆனால் அங்கே ஏதோ இருந்தது.
இருபது வினாடிகூட
அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை ஒருவனால்.'
இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பாள்?

வாளி நிரம்பி எந்திரம் கத்துகிறது.
எழுந்துபோய்
கழுவுதொட்டியில் ஊற்றுகிறேன்.