ஈரப்பதம் எண்பது

டுலூத்தில் மைனஸ் இருபத்தாறு.
பனி தள்ளும் வண்டியை நிறுத்திவிட்டு
நாலரை மணிக்கு வீட்டுக்குள் வந்தால்
கண்ணாடித் தொட்டியில் பான்கேக்
சங்கை விட்டு வெளியே கிடக்கிறது.

நீலச் சாயம் பூசிய அந்தச் சங்குக்குள்
என்ன இருந்ததென்று நான் பார்த்ததேயில்லை:
உரித்த இறால் போல ஒரு சுருள்.
பார்த்ததற்கே கூச்சமாக இருந்தது.
மணலில் தனியாக ஒரு கால்.

மாரென் அவள் அம்மா வீட்டில்.
வெள்ளிக்கிழமைதான் என் முறை.

நியூஜெர்சிக் கடற்கரையில் ஏழு டாலர், கூண்டு இலவசம்.
"தண்ணி தெளிச்சா போதும்" என்றான் விற்றவன்.
பெட்டியில் துறவி நண்டு என்று அச்சடித்திருந்தது.
துறவியாம்!
வீடில்லாமல் ஓர் இரவு தாங்காது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் முறிக்கும் சொட்டு,
கடலுப்பு, காபிக் கோப்பையில் ஒரு விரற்கடை.
சாயம் படாத சங்கு ஒன்றோடு
கரண்டியில் ஏந்தி இறக்கினேன்.
பயந்தால் இன்னொரு காலையும் உதறிவிடும்;
மூச்சை வேறு பக்கம் திருப்பி விட்டேன்.

தொட்டிக்கு வெந்நீர்ப் பாட்டில்,
ஈரப் பாசி, மேலே என் கம்பளிச் சட்டை.
இருட்டு வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது.
மருந்தில் பாதி அதுதான்.

போன கால் திரும்ப முளைக்குமாம்,
மணலுக்கடியில், மாதக் கணக்கில்,
யாரும் தோண்டாமல் இருந்தால்.

ஒரு காலில் மட்டும் பூட்ஸைக் கழற்றி
அடுப்பருகே உட்கார்ந்திருக்கிறேன்.
ஐந்தரை இருக்கும்,
கோப்பைக்குள் பீங்கானை ஏதோ கீறியது.
ஒரு தரம்.
அப்புறம் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்.

சட்டையை விலக்கவில்லை.