பத்தொன்பதாம் நாள்

மூன்றேகாலுக்கு மின்சாரம் போயிற்று.
ஹுசவீக் முழுக்க இருட்டு.
வெந்நீர்க் குழாய்களால் வீடு சூடாகத்தான் இருந்தது,
முட்டைக்கு அது போதாது.
இன்குபேட்டரின் முள்
முப்பத்தேழரையிலிருந்து சரியத் தொடங்க,
பெர்க்தோரா ஸ்வெட்டரைத் தூக்கி
நாலு முட்டையை வயிற்றோடு கட்டிக்கொண்டாள்.
எனக்கு மூன்று.
ஸ்டெய்னாருக்கு இரண்டு.
தும்மிவிடாதே என்றேன்,
உடனே வந்தது அவனுக்குத் தும்மல்.

எட்டு மாதமாக
உப்புக்கும் சாவிக்கும் மட்டும் பேசிக்கொண்டவர்கள்
ஒரே போர்வைக்குள்
அசையாமல் உட்கார்ந்திருந்தோம்,
மூன்று அடைக்கோழிகள்.

ஒரு மணி இருக்கும்.
"யாரோ தட்டுகிறார்கள்," என்றாள்.
கதவைப் பார்த்தேன்.
"அங்கே இல்லை."
என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றில் சாய்த்தாள்.
ஓட்டுக்குள்ளிருந்து
நூலிழை போல ஒரு கீச்.

ஒன்பதில் ஐந்து பொரிந்தன.
மீதி கூமுட்டை,
பனி விலகிய இடமாகப் பார்த்துப் புதைத்தான் மகன்.

கறுப்புக் குஞ்சு சேவல் என்று
ஜூனில்தான் தெரிந்தது.
இருட்டவே இருட்டாத வானத்தில்
விடியல் எதுவென்று புரியாமல்
நடுச்சாமத்திலும் கூவியது.
பக்கத்து வீட்டுக்காரர் வந்து போனார்.

யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன்.
கூடாது என்றாள்.
அன்றைக்குச் சண்டை போட்டோம்,
வாய் வலிக்க,
சேவலையும் மிஞ்சி.