நாற்பத்தோராவது உறை

உறைகள் என் இழுப்பறையில் இருந்தன.
எடின்பரோவில் யாரோ ஒட்டி அனுப்பியவை.
சாவி என்னிடம்.
உள்ளே எழுதியிருப்பது முழு மார்பா, கட்டி மட்டுமா,
எனக்கும் தெரியாது,
டாக்டர் ராட்ரேக்கும் தெரியாது.

டண்டி நகரத்தில் அந்த வருடம்
அவரைப் பைத்தியம் என்றார்கள்.
பூவா தலையா போட்டா கத்தி எடுப்பது?
தொழில் கற்றுத்தந்தவரே கடிதம் எழுதினார்:
வேரோடு எடு, விலா தெரியும்வரை எடு,
இரக்கப்பட்டால் பிணம் விழும்.
கோப்பில் போடு என்றார்.
எந்தக் கோப்பு என்றேன்.
"நிரூபணம் பாக்கி."
அப்படியொரு கோப்பு கிடையாது. அன்றுதான் தொடங்கினேன்.

எஃபி பெட்ரி, சணல் ஆலை நெசவாளி.
முப்பது வருடத் தறி இரைச்சல்
காதைத் தின்றுவிட்டது; உதடுகளைப் படிப்பாள்.
அறுவை அறையிலிருந்து அப்படியே வந்து நின்றவரிடம்
"முகமூடியக் கழட்டுங்க டாக்டர்,
நீங்க பேசறது தெரியல" என்றாள்,
ஆலைக்கே கேட்கும் குரலில்.
கழற்றினார்.
சிறிய வாய். சவரத்தில் தப்பிய நரைமுடி.
ரெண்டுல எது நல்லது என்று கேட்டாள்.
"எனக்குத் தெரியாது."
இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.
சொன்னார்.
கைப்பையைப் படக்கென்று மூடினாள்:
"இதுவரைக்கும் ஒரு டாக்டரும்
எங்கிட்ட இப்படிச் சொன்னதில்ல.
பிரிங்க அத."

நாற்பத்தொன்று. கட்டி மட்டும்.

பிறகு வருடங்கள். எனக்கு அவை அட்டைகள்.
உயிரோடு என்றால் பச்சை மை.
எஃபி கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருவாள்
ஒரு ஜாடி ஆரஞ்சு மார்மலேடோடு
(அவருக்கு இனிப்பு ஆகாது, தின்றது நான்).
ஏழாம் வருடம் ஜாடி மட்டும் வந்தது,
தங்கை கையில்.
மாரடைப்பாம். ஆலை வாசலிலேயே.
புற்றின் கணக்கில் அவளைச் சேர்க்கவில்லை.
சேர்ந்தவர்கள் இரு பக்கமும் உண்டு,
ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை.
அதுதான் விடை.

வரைபடம் வந்த நாள்
இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து
பிரித்துப் பார்க்க முடியாமல் கிடந்தன.
தந்திகள் வந்தன. யாரோ ஷெர்ரி ஊற்றினார்கள்.
அவர் பழைய பதிவேட்டைக் கேட்டார்,
உறைகளுக்கு முந்தையதை.
அவருடைய கையெழுத்து.
முழுவதும். முழுவதும். முழுவதும். மேற்படி. மேற்படி.
முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.

விளக்கணைக்கப் போனபோதும்
வரிவரியாக விரலை நகர்த்திக்கொண்டிருந்தார்.
உதடுகள் அசைந்தன, சத்தமில்லை.
எஃபி இருந்திருந்தால்
படித்துச் சொல்லியிருப்பாள்.