மிதி, பிடி, விடு

காளவாசல் சிக்னலில்
கிளட்ச் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது.
ரெண்டே சீட்டு, சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்;
பின்னால் ஷேர் ஆட்டோக்களின் வசவு.
பெருவிரலைப் பெடலுக்கடியில் கொக்கிபோட்டு
இழுத்து இழுத்து
எல்லீஸ் நகர் வந்து சேர்ந்தேன்.

டப்பாவைத் திறந்தால்
நேற்றைய டிகாக்‌ஷன் நிறம்.
காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்குமாம் இந்த ஆயில்.
சித்திரை மாதத்து மதுரையில்
எங்கே கண்டதோ ஈரத்தை.

காற்றெடுக்க ரெண்டு பேர் வேண்டும்.
மாடியிலிருந்து இறங்கி வந்தான் தம்பி சோணை.
பாகம் பிரித்தபின்
பதினோரு மாதமாய்ப் பேச்சில்லை.
கேட்காமலே சீட்டில் உட்கார்ந்தான்.

நான் அடியில், எட்டாம் நம்பர் ஸ்பேனரோடு.
"மிதி."
"மிதிச்சாச்சு."
"பிடி."
நிப்பிளைத் தளர்த்த, குழாயில் குமிழிகள், கறுப்பு.
இறுக்கிவிட்டு,
"விடு."

முப்பது தடவையாவது இருக்கும்.
நடுவில் ஒருமுறை,
"வியாழக்கிழமை பாப்பாவுக்குக் காதுகுத்து.
அழகர்கோயில்ல."
"பிடி, விட்டுறாத" என்றேன்.
திருகு இன்னும் திறந்திருந்தது.

கடைசியில் தேன் நிறத்தில் வந்தது புது ஆயில்.
பெடல் காலை எதிர்த்துத் தள்ளுகிறது.
கையைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்:
"ஒரு குமிழி எங்கயோ நிக்குது.
நாளைக்கும் பாக்கணும்."

குழாயில் ஒன்றுமில்லை.
அவனும்தான் பார்த்தான்.
"சரி, ஆறு மணிக்கு" என்றான்.