ஆற்றில் போட்டாலும்

கதவு நிலையின் இடது பக்கம்
ஆண்டுகளைச் செதுக்கியிருக்கிறார்கள்,
வளரும் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி
உயரம் குறிப்பதுபோல.
வளர்ச்சி மட்டும் ஒழுங்கில்லை:
2021 என் முழங்காலில்.
1926 நெஞ்சில்.
1993 கண்ணுக்கு நேரே.
1784ஐப் பார்க்க
அன்ஸ்கர் நாற்காலி கேட்டான்.

"அது பனிக்கட்டியோடு வந்தது,
நான் பார்க்கவில்லை" என்றார் ரோஸ்வீட்டா,
வீட்டை விற்பவர்,
அன்றைக்கு மட்டும்
வெளியூர் போயிருந்தவர் போல.

சாலைக்கு அப்பால் மோசல்
ஒரு சரக்குப் படகுக்கு வழிவிட்டு
திராட்சைச் சரிவின் நிழலைக் கலைத்து
மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தது,
நிலையில் இருப்பது
தன் கையெழுத்தே இல்லை என்பதாய்.

அன்ஸ்கர் பல் கட்டுபவன்.
உத்தரத்தையும் அப்படித்தான் பார்த்தான்:
தட்டி, காது கொடுத்து, மறுபடி தட்டி.
கிழக்கு மூலையில் திருப்புளி
பிடி வரைக்கும் இறங்கியது.
அதை உருவி
சட்டையில் துடைத்து
ஒன்றும் சொல்லாமல் பைக்குள் வைத்தான்.
அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு,
அவனுக்கு வீடு பிடித்துவிட்டது.

ஜன்னலை மாற்றக் கூடாது.
கூரைக்குக் கற்பலகைதான், அதிலும் பழைய அளவுதான்.
சுவருக்கு மூன்று நிறம் அனுமதி,
மூன்றும் சாம்பல்.
தொல்லியல் அலுவலகத்துக் கடிதம் பதினான்கு பக்கம்.
காப்பீட்டுக்காரி
தெருவின் பெயரை இரண்டு முறை கேட்டாள்,
பிறகு மிகுந்த கனிவோடு
வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றாள்.

சமையலறை அலமாரிகள்
ஆணியில் இல்லை, கொக்கியில் தொங்குகின்றன.
மின் பொத்தான்கள் எல்லாம் தோள் உயரத்தில்.
கூடத்தின் உச்சியில் ஒரு சதுரக் கதவு,
அதற்கு மேலே கப்பி, கயிறு.
"அடுப்பு, குளிர்பெட்டி, நாய்,
எல்லாம் இதன் வழியே மாடிக்கு.
நாற்பது நிமிடம் போதும்" என்றார் ரோஸ்வீட்டா.
கொஞ்சம் பொறுத்து,
"இரண்டு பேர் இருந்தால்."

தனியாக எவ்வளவு நேரம் ஆகுமென்று
நாங்கள் கேட்கவில்லை.
ட்ரியரில் மூன்றாம் மாடி பார்த்திருக்கிறாராம்.
லிப்ட் உண்டு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
அளந்தோம்.
மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
நடுவில் கோடு கிழித்து,
இரவு பதினொன்று வரை.
கடன் முடியும்போது அவனுக்கு எழுபத்தொன்று.
கிழக்கு மூலைக்கு முப்பதாயிரம்,
தச்சன் நல்லவனாக இருந்தால்.
காலை வெயில் படிக்கட்டில் விழுந்ததை
எந்தப் பக்கம் எழுதுவதென்று
சண்டை போட்டோம்.

போன வருடம் நான்கு மாதம்
இரண்டு ஊரில் இரண்டு வாடகை கொடுத்தோம்.
அதை
இருவருமே எழுதவில்லை.
ஆனால் பேனா
அந்த இடத்தில் கொஞ்சம் நின்றது,
நான் பார்த்தேன்,
அவனும் பார்த்தான்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே.
சரி.
ஆனால் நாங்கள் பார்த்த பதினோரு வீடுகளில்
புதுப் பூச்சு, புதுத் தரை,
வாசலில் லாவண்டர் தொட்டி,
எதுவும் தன் ஆழத்தைச் சொல்லவில்லை.
இந்த ஒன்றுதான்
எங்கே வரைக்கும் மூழ்கினேன் என்று
உள்ளே வருகிற எவருக்கும்
வாசலிலேயே காட்டிவிடுகிறது.
மூழ்கிய பிறகு
தரையைக் கழுவி, ஜன்னலைத் திறந்து,
கோட்டுக்கு மேலே
கோட் மாட்ட ஒரு கொக்கி அடித்திருக்கிறது.

இதை எந்தப் பக்கம் எழுதுவது?

கோப்ளென்ஸில் அன்றிரவு மழை,
கனமாக ஒன்றும் இல்லை.
தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.
இருட்டில் சொன்னான்:
"முதலில் குளிர்பெட்டியை ஏற்ற வேண்டும்."

"இல்லை" என்றேன், "முதலில் நாய்."

"நம்மிடம் நாய் இல்லை."

மழை நின்று
தாழ்வாரக் குழாயில் மட்டும்
சொட்டிக்கொண்டிருந்தது.
கயிற்றைப் பிடித்திருப்பதுபோல
அவன் கை போர்வைக்கு மேல் மூடியிருந்தது.

"எத்தனை கிலோ இருக்கும்?" என்றான்.